டயரின் வெண்பட்டை

மாதிரிக் கார்களைச் செய்யும் மாணவ நண்பர்கள் வண்டியின் மேனிக்குப் பூசும் வண்ணத்திலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். நான் முதலில் நோக்குவதோ டயரை. அமெரிக்கக் கார்களில் டயரின் பக்கத்தைச் சுற்றியோடும் வெண்பட்டை, வண்டியின் காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். 1957-இல் இரண்டங்குலத்துக்கு மேல் அகன்றிருந்த பட்டை, 1962-இல் ஏறக்குறைய ஓரங்குலமாகச் சுருங்கிற்று. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் இவ்வேறுபாடு ஒரு மில்லிமீட்டரே. ஆயினும், 1962-ஆம் ஆண்டு வண்டிக்கு அகன்ற பட்டை தீட்டினால், பேரனுக்குப் பாட்டனாரின் தலைப்பாகையைச் சூட்டியது போலாகும்!

தூரிகையை வட்டமாக ஓட்டாதீர்கள். எவருக்கும் கை நடுங்கும். டயரைக் குச்சியில் செருகிச் சுழற்றுங்கள், தூரிகை அசையாதிருக்கட்டும். வட்டம் தானே அமையும். வண்ணம் உலர்ந்தபின், தரையில் படும் பாகத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிடுங்கள். சாலையில் ஓடிய டயர் பளபளப்பதில்லை.