ஒரு மனமும் பல பணியும்

காலை வேளையில் வானொலியைத் திருகிவிட்டு அடுக்களையில் நிற்கிறார் ஓர் இல்லத்தலைவி. கை தேங்காய் துருவுகிறது. அடுப்பிலுள்ள கறியின் பதத்தை மூக்கே அறிந்து சொல்கிறது. செவி செய்தியைக் கேட்கிறது. இடையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பிள்ளை ஏதோ கேட்க, அதற்கும் விடை கூறுகிறார். சற்று நேரத்தில் கணவர் வந்து, "இன்றைக்கு மழை உண்டென்று சொன்னார்களா?" என்று வினவுகிறார். அப்போதுதான் அந்தப் பகுதி மட்டும் மனத்திற் பதியவில்லை என்பது தெரியவருகிறது. மழைச் செய்தி வந்த நேரமும் பிள்ளை கேள்வி கேட்ட நேரமும் ஒன்று. வானொலி ஓயவில்லை, செவியும் மூடிக்கொள்ளவில்லை. மனந்தான் அவ்விடத்தில் இல்லை.

இச்சிறு நிகழ்ச்சியினுள் பெரியதொரு வினா அடங்கியிருக்கிறது. மனிதன் ஒரே நேரத்திற் பல காரியங்களில் மனத்தைச் செலுத்த வல்லவனா?

வல்லவனே என்று கூறத் தமிழரிடம் தக்க சான்று உண்டு. அதுதான் அவதானக் கலை. எட்டுப் பொருளில் ஒருங்கே கவனம் வைப்பவர் அட்டாவதானி. நூறு பொருளில் வைப்பவர் சதாவதானி. யாழ்ப்பாணத்து மேலைப்புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி எனப் போற்றப்பெற்றவர், தமிழ் அகராதி தொகுத்தவர், திரு. வி. கலியாணசுந்தரனாருக்குத் தமிழ் கற்பித்தவர். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னையிலே சதாவதானம் நிகழ்த்திப் புகழ்கொண்டவர். அருட்பா பற்றிய வாதத்தில் இவ்விருவரும் எதிரெதிர் அணியில் நின்றனர். எனினும் இக்கலையில் இருவரும் ஒரே நெறியினர்.

அவதான அரங்கிலே ஒருவர் ஈற்றடி தந்து வெண்பாக் கேட்பார். ஒருவர் இடையிடையே முதுகிற் சிறு கல் எறிவார். வேறொருவர் மணி ஒலிப்பார். மற்றொருவர் கணக்கு வினவுவார். இறுதியிற் கல் எத்தனை, மணி எத்தனை, கணக்கின் விடை யாது என்பவற்றை அவதானி பிழையின்றி ஒப்புவிப்பார்; வெண்பாவையும் முடித்துக் கூறுவார். உற்று நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. அவதானி ஒன்றை ஏற்று, அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்கிறார். பின்னர் மீண்டு வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறார். அவருடைய பேராற்றல், மனத்தைப் பலவாகப் பிளப்பதிலன்று, வைத்ததை மறவாமையிலும் விரைந்து மீள்வதிலுமே விளங்குகிறது.

இதனை நேயர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒன்று முதற் பத்து வரை எண்ணுக. அடுத்து, உயிரெழுத்துகளில் அகரம் முதல் ஒகரம் வரையுள்ள பத்தையும் சொல்லுக. இவை இரண்டும் சில விநாடிகளில் முடிந்துவிடும். இனி, 'ஒன்று அ, இரண்டு ஆ, மூன்று இ' என்று மாறிமாறிச் சொல்லுக. சொற்கள் முன்பு சொன்ன அதே இருபதுதான். ஆயினும் நா தடுமாறும், நேரமும் கூடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் மனம் செலுத்தும் சுங்கம் இது.

1953இல் கொலின் செரி என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவருடைய இரு செவிகளிலும் இருவேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒரு செவியிற் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மற்றச் செவியில் என்ன பேசப்பட்டது என்று பின்னர் கேட்டபோது, அவர்களாற் கூற இயலவில்லை. அங்கே ஆங்கிலம் ஜேர்மன் மொழியாக மாறியதைக்கூட உணராதவர் இருந்தனர்.

அப்படியாயின் நடந்துகொண்டே பேசுவது எவ்வாறு? நடை பழக்கத்தால் வந்தது. அதற்கு மனத்தின் மேற்பார்வை அதிகம் வேண்டுவதில்லை. பழக்கத்தின் வலிமை மிகப் பெரிது. 1976இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இரு மாணவர்கள் பல வாரப் பயிற்சியின் பின், கதை வாசித்துக்கொண்டே பிறர் சொல்லும் சொற்களை எழுதவும் வல்லவராயினர். ஆனால், எதிர்பாராதது வந்து நிற்கும் இடத்திற் பழக்கம் உதவாது. அங்கே மனம் முழுமையாக வேண்டும்.

அத்தகைய இடம் வீதி. 2001இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், வாகனம் ஓட்டுவதைப் போன்றதொரு செயலில் மாணவரை ஈடுபடுத்தி, தொலைபேசியிற் பேசவும் வைத்தனர். பேசும்போது அவர்கள் நிறுத்த விளக்கைக் காணத் தவறியது ஏறத்தாழ இருமடங்காயிற்று. கருவியைக் கையிற் பிடித்தவர்க்கும் பிடியாதவர்க்கும் வேறுபாடு இல்லை. பல நாடுகளின் சட்டம் கையிற் பிடிப்பதையே தடுக்கிறது, குறையோ மனத்திலிருந்தது. வானொலி கேட்டவர்களிடம் இத்தகைய குறை காணப்படவில்லை. வானொலி மறுமொழி வேண்டுவதில்லை; வீதியில் இடர் தோன்றினாற் கேட்பவர் அதனைக் கைவிட்டுவிடலாம். மழைச் செய்தியை இல்லத்தலைவி கைவிட்டதும் அவ்வாறே.

2010இல் அதே பல்கலைக்கழகத்தார் 200 பேரைச் சோதித்தபோது, இரு செயலையும் குறைவின்றிச் செய்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேரே. அத்தகைய சிலருள் தாமும் ஒருவர் என்று சாரதி ஒருவர் எண்ணிக்கொள்வது எளிது. ஆனால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் அரை விநாடியில் எட்டு மீற்றருக்கு மேல் கடந்துவிடும். வீதியைக் கடக்கும் பிள்ளைக்கும் வாகனத்துக்கும் இடையிலே அந்த எட்டு மீற்றரே எஞ்சியிருக்கக்கூடும்.

அழைப்பவரும் இதற்குப் பொறுப்பாளியே. அருகில் அமர்ந்து பேசுபவர், சந்தி வந்ததும் தாமாகவே வாயை மூடிக்கொள்வார். தொலைவிலிருந்து பேசுபவருக்குச் சந்தி தெரியாது. ஆகவே, அழைத்தவுடன் "வாகனம் ஓட்டுகிறீர்களா?" என்று கேட்பதும், ஆமெனின் பேச்சை அவ்வளவில் நிறுத்துவதும் நன்று. எஞ்சியதை அவர் வீடு வந்து சேர்ந்தபின் பேசிக்கொள்ளலாம்.