பிள்ளை விமானி ஆக வேண்டுமா?



தலைக்கு மேலே விமானம் பறக்கிறது. வயலில் வேலை செய்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். "நானும் ஒரு நாள் இதை ஓட்டுவேன்" என்கிறாள் ஒரு சிறுமி. அது நடக்கக் கூடியதுதான். 1936-ஆம் ஆண்டிலேயே சர்லா தக்ரால் என்ற இந்தியப் பெண் விமானம் ஓட்டினார். புடவை கட்டிக்கொண்டே பறந்தார்.

ஆனால் இந்தப் படிப்புக்குப் பெரும் பணம் வேண்டும். வீடும் நிலமும் அடமானத்துக்குப் போகலாம். ஆகவே விவரம் தெரிந்து இறங்க வேண்டும்.

என்ன படிப்பு?

பயணிகள் விமானத்தை ஓட்ட லைசென்ஸ் வேண்டும். மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதைத் தருகிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இது வகுப்பில் உட்கார்ந்த நேரம் அல்ல. ஆகாயத்தில் பறந்த நேரம். வழி அறிதல், வானிலை, விமானச் சட்டம், இயந்திர அறிவு ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகளும் உண்டு.

உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலி அருகே ஃபுர்சத்கஞ்ச் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி உள்ளது. 1985-இல் தொடங்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம், ஆங்கிலம் படித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேருகிறார்கள். இங்கே இட ஒதுக்கீடும் உண்டு.

ஏன் இவ்வளவு செலவு?

பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் எரிபொருள் எரிகிறது. இயந்திரம் தேய்கிறது. பல நேரங்களில் ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். அரசு அகாடமியிலேயே 40 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. லைசென்ஸ் வந்த பிறகும் செலவு தீராது. ஏர்பஸ், போயிங் போன்ற பெரிய விமானத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கும் பல லட்சம் ஆகும்.

கடன் கணக்கு

ஒரு லாரி ஓட்டுநர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு வீடும் இரண்டு ஏக்கர் நிலமும் உண்டு. மகளுக்காக வங்கிக்குப் போகிறார்.

விமானிப் படிப்புக்கு வங்கிகள் கல்விக் கடன் தருகின்றன. வங்கிகளின் மாதிரித் திட்டப்படி, ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் வாங்கினால் சொத்தை ஈடாகக் காட்ட வேண்டும். படிக்கும் காலத்திலும் அதன் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு 15 ஆண்டுகள் வரை தவணை கட்டலாம்.

கடன் 40 லட்சம், வட்டி நூற்றுக்குப் பத்து என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் 43,000 ரூபாய். 15 ஆண்டுகளில் கட்டும் மொத்தத் தொகை 77 லட்சத்தைத் தாண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி.

வேலை கிடைத்தால் நல்ல சம்பளம் உண்டு. கடனை அடைக்கலாம். வேலை தாமதமானால் என்ன ஆகும்? 2012-இல் கிங்பிஷர் விமானங்கள் நின்றன. 2019-இல் ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் நின்றன. 2020-இல் கொரோனா வந்தது. அந்தச் சமயங்களில் அனுபவம் உள்ள விமானிகளே வேலை தேடினார்கள். புதியவர்கள் காத்திருந்தார்கள். வங்கித் தவணை மட்டும் காத்திருக்காது.

வேறு வழி உண்டா?

உண்டு. அட்டவணைச் சாதியினர், பழங்குடியினருக்கு அரசின் உதவித்தொகைகளும் குறைந்த வட்டிக் கடன்களும் உள்ளன. மாவட்ட நலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். விமானிப் படிப்புக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

விமானப் படையில் சேருவது இன்னொரு வழி. தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வில் தேறினால் பயிற்சிச் செலவு அரசுடையது. 2022 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். ஆனால் அது நாட்டுக் காவல் பணி. பல ஆண்டுகள் பணி செய்ய வேண்டும்.

முதலில் எதைச் செய்வது?

லாரி ஓட்டுநர் முதலில் பத்திரத்தை எடுக்கக் கூடாது. மகளை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணாடி போட்டவரும் தேறலாம். ஆனால் நிறங்களைப் பிரித்து அறிய முடியாவிட்டால் தடை வரும். கட்டணம் கட்டிய பிறகு இது தெரிந்தால் என்ன பயன்?

அடுத்து, பயிற்சிப் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். எத்தனை விமானங்கள் ஓடும் நிலையில் உள்ளன என்று கேட்க வேண்டும். விமானம் குறைந்தால் 200 மணி முடிய நாளாகும். நாள் கூடினால் செலவும் கூடும். முழுப் பணத்தையும் ஒரே முறையில் கட்டாதீர்கள். தவணையாகக் கட்டுங்கள். ரசீது வாங்குங்கள். "வேலை நிச்சயம்" என்று வாயால் சொன்னால் போதாது. தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நண்பர்களே! விமானி பறக்கும் முன் ஒரு பட்டியலை எடுத்துப் படிக்கிறார். எரிபொருள் சரியா? இயந்திரம் சரியா? ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இதை விடுவதில்லை.

விமானியின் தந்தையும் தாயும் அப்படியே செய்யட்டும். வங்கித் தாளைப் படியுங்கள். புரியாத வரியைக் கேளுங்கள். கணக்குப் போடுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். மகள் பறக்கட்டும். வீடும் நிலைக்கட்டும்.