அம்மா என்றால் 15

தன் அம்மாவின் சமையல் குறிப்புகளை இணையதளமாக்கியிருந்த பெண் ஒருவர், தளத்துக்குப் புதுப் பெயர் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வேர்ட்பிரஸில் கட்டிய தளம். அது தன் முகவரியைத் தரவுத்தளத்தில்தான் வைத்திருக்கும்: 'டபிள்யூபி ஆப்ஷன்ஸ்' அட்டவணையில் 'சைட்யூஆர்எல்', 'ஹோம்' என்று இரண்டு வரிகள். அவற்றைத் திருத்தினால் தளம் திறந்துவிடும். குறிப்புகளுக்குள் இருக்கும் படங்கள் மட்டும் பழைய முகவரியிலேயே நிற்கும். அதனால் தரவுத்தளம் முழுக்கப் பழைய பெயரைத் தேடி எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். படமெல்லாம் வந்தது. பக்கவாட்டுப் பெட்டிகளைக் காணோம். 'அம்மா' என்ற தலைப்பில் அவர் அம்மாவின் புகைப்படம் இருந்த பெட்டியும் அதில் ஒன்று. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

காரணத்தைக் கேளுங்கள். பிஹெச்பி மொழி பல அமைப்புகளை ஒரே சரமாகக் கோத்து வைக்கும்போது, ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் முன்னால் அதன் நீளத்தையும் பைட் கணக்கில் எழுதிவிடும். பெட்டிக்குள் இருந்த படத்தின் முகவரி மாறியது. முன்னால் இருந்த எண் மாறவில்லை. அந்த எண்வரை எண்ணிப் போனால் முடிவுக்குறி அங்கே இல்லை. உடனே மொத்தச் சரத்தையும் பிஹெச்பி தள்ளிவிடும். ஒரு எண் பிசகினால் அத்தனை பெட்டியும் போச்சு!

அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'அம்மா'வுக்கு முன்னால் 15 என்று இருந்தது. நமக்கு அது 3 எழுத்து. யூடிஎஃப்-8 முறையிலோ அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறிகள். குறிக்கு 3 பைட். வெகுநேரம் அந்த 15-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் தளம் நடத்துகிறவர்களே, விரல்விட்டு எழுத்தெண்ணி இதைத் திருத்த முடியாது.

'டபிள்யூபி-சிஎல்ஐ' என்ற கருவியின் 'சர்ச்-ரிப்ளேஸ்' கட்டளை, சரத்தைப் பிரித்து, பெயரை மாற்றி, நீளத்தை மறுபடி எண்ணிக் கோத்துத் தரும். 'ட்ரை-ரன்' சேர்த்தால், எதையும் தொடாமல் எத்தனை இடம் மாறும் என்று முதலில் காட்டும். நல்லவேளை, பழைய நகல் கையில் இருந்தது. அதை ஏற்றி இந்தக் கட்டளையைக் கொடுத்தேன். அம்மா திரும்பி வந்தார்.

கடைசியாகச் சில எச்சரிக்கைகள். பதிவுகளின் அடையாளமான 'ஜியூஐடி' பத்தியை மாற்றாதீர்கள். பழைய முகவரிக்கு வருகிறவர்களை 301 என்ற நிரந்தரத் திருப்பத்தால் புதியதற்கு அனுப்புங்கள். ஒரு வருடமாவது அது இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் தரவுத்தளத்தை நகலெடுத்துவிடுங்கள். உங்கள் தளமும் ஒரு பெட்டி குறையாமல் புதுப் பெயருக்குக் குடிபோகட்டும்.