குன்றைக் காத்தது யார்?

"ஆடு மேய்க்காதே, மரம் வெட்டாதே" என்று குடியானவனுக்கு உத்தரவு போடுவது சுலபம். அந்த உத்தரவினால் மட்டும் ஒரு குன்றாவது பசுமையானதுண்டா என்று யோசித்துப் பாருங்கள். வடக்கே நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறேன்.

சண்டிகர் நகரத்தில் 1958-ம் வருஷம் சுக்னா என்னும் ஏரி உண்டாக்கப்பட்டது. சில காலத்திற்குள்ளேயே மண் வந்து அது மேடிட ஆரம்பித்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன நிபுணர்கள், மேலே சிவாலிக் குன்றுகளில் சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரைக் கண்டார்கள். முளைத்ததையெல்லாம் ஆடுமாடுகள் மேய்ந்துவிட, குன்று மொட்டையாய்க் கிடந்தது. மேய்க்காதே என்றால் கேட்பார்களா? பட்டணத்தான் படகு விடுவதற்காக நாங்கள் ஏன் பட்டினி கிடக்கவேண்டும் என்றுதானே நினைப்பார்கள்?

பி. ஆர். மிஸ்ரா என்ற மண் காப்பு நிபுணரும் அவர் கூட்டாளிகளும் 1970-களின் பிற்பகுதியில் அங்கே சிறு மண் அணைகளைக் கட்டினார்கள். மழைத் தண்ணீர் தேங்கிற்று, வயலுக்குப் பாய்ந்தது, விளைச்சல் கூடிற்று. குன்று மொட்டையானால் அணையும் தூர்ந்துபோகும் என்பதை ஜனங்கள் பிரசங்கம் கேட்டு அல்ல, கண்ணால் கண்டு தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் அங்கேதான் பெரிய கேள்வி பிறந்தது. தண்ணீர் நிலமுள்ளவனுக்கு மட்டும் என்றால், நிலமில்லாதவன் தன் ஆட்டை ஏன் கட்டிப்போட வேண்டும்? அவனுக்கு என்ன லாபம்? ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தண்ணீரில் சம பங்கு. நிலமில்லாதவன் தன் பங்கை மற்றவனுக்கு விற்றுக்கொள்ளலாம். பதிலுக்கு, யாரும் குன்றில் கால்நடைகளை அவிழ்த்துவிடக் கூடாது. அதன்பின் முள்வேலியும் காவற்காரனும் இல்லாமலே புல்லும் மரமும் தழைத்தன. ஏரிக்கு இறங்கிவந்த மண்ணும் வெகுவாய்க் குறைந்தது.

இதிலிருந்து தெரிவதென்ன? நிபுணனுக்கு மண்ணின் சங்கதி தெரிந்திருந்தது. ஊரானுக்கு வயிற்றின் சங்கதி தெரிந்திருந்தது. ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்ட பிறகுதான் காரியம் நடந்தது. அறிவு மேலிருந்து கீழே இறங்கும் சாமான் அல்ல. சம பங்கு இல்லாத இடத்தில் பொது நன்மை என்பது ஏழையிடம் வாங்கும் இலவச உழைப்புக்கு வைத்த பெயரேயாகும்.

ஆகையால் தோழர்களே! உங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரக் கூட்டம் கூடும்போது, மண்வெட்டியை எடுப்பதற்கு முன், அந்தத் தண்ணீரில் யார் யாருக்குப் பங்கு என்று கேளுங்கள். ஊர்க்கோடியில் இருக்கும் கூலிக்காரனும் அந்தக் கூட்டத்தில் சமமாய் உட்கார்ந்து பேசட்டும். நான் சொன்னேன் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் ஏரிக்கரையில் நின்று நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.