விற்ற சுவரில் விற்காத பெயர்

 

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கையரே, ஓவியமும் சிற்பமும் படித்துவிட்டு எங்கே போய் உழைக்கப் போகிறாய் என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். இந்தக் கரையோரத்திலேயே வேலை கிடக்கிறது. கல்பிட்டியில் கடற்காற்றை நம்பி எழும்பிய விடுதிகளுக்குச் சுவர்ப்படம் வேண்டும். உடப்பிலிருந்து முன்னேசுவரம் வரைக்கும் கோயில்களில் சுதை வேலை வரும். தேவாலயங்களில் சொரூபம், பள்ளிக்கூட மதிலில் படம், சந்தியில் நினைவுச்சின்னம் என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். வேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. வேலை முடிந்து காசு வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1957இல் இந்திய அரசு புது தில்லி விஞ்ஞான் பவனுக்கு ஒரு வெண்கலச் சுவர்ச்சிற்பம் செய்யச் சொல்லி அமர்நாத் சேகல் என்ற சிற்பியிடம் கேட்டது. சுமார் 140 அடி நீளம், 40 அடி உயரம். 1962 வரைக்கும் அதிலேயே கிடந்தார் மனிதர். 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அதைப் பெயர்த்து எடுத்துக் களஞ்சியத்தில் போட்டார்கள். செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டுகள் உடைந்தன, சில காணாமலே போயின, அவருடைய பெயர் இருந்த இடமும் போயிற்று. எழுதி எழுதிப் பார்த்தார். பதில் இல்லை. 1992இல் வழக்குப் போட்டார்.

அரசின் வாதம் என்ன தெரியுமா? காசு கொடுத்து வாங்கினோம், இனி அது எங்கள் பொருள், வைப்பதும் எடுப்பதும் எங்கள் இஷ்டம். நாளைக்கு உங்களிடமும் இதே வசனத்தைத்தான் சொல்வார்கள், நன்றாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தில்லி உயர் நீதிமன்ற நீதியரசர் பிரதீப் நந்திரஜோக் அதை ஏற்கவில்லை. ஒரு படைப்பை அழிப்பது என்பது அதைச் சிதைப்பதன் உச்சம் என்று 2005 பெப்ரவரியில் தீர்ப்பளித்தார். எஞ்சியதைச் சிற்பியிடம் திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் நட்டஈடு கட்டவும் உத்தரவிட்டார். அப்போது சேகலுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. வழக்கு மட்டும் பதின்மூன்று வருடம். நீதி கிடைத்தது என்று கைதட்டுவதற்கு முன் அந்தப் பதின்மூன்றை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கனடாவில் நடந்தது இன்னும் சுவையானது. டொரொண்டோவில் ஈட்டன் சென்டர் என்ற கடைத்தொகுதி. அதன் கூரையில் மைக்கேல் ஸ்னோ அறுபது வாத்துகள் பறப்பதுபோல் ஒரு சிற்பம் தொங்கவிட்டிருந்தார். 1982 நத்தாருக்கு நிர்வாகம் ஒவ்வொரு வாத்தின் கழுத்திலும் சிவப்பு ரிப்பன் கட்டியது. ஒன்றும் உடையவில்லை, கீறல்கூட விழவில்லை. ஆனாலும் ஸ்னோ நீதிமன்றம் போனார், ரிப்பன்களைக் கழற்றச் சொல்லி உத்தரவு வாங்கினார். நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் வரைந்த படத்தின் நடுவில் கைப்பேசிக் கம்பனி ஒன்று பதாகை அடித்தால், அன்றைக்குச் சிரிப்பு வராது.

இனி நம் நாட்டுக்கு, இலங்கைக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 10ஆம் பிரிவை மட்டுமாவது வாசியுங்கள். படைப்பாளிக்குப் பொருளாதார உரிமை ஒன்று, தார்மிக உரிமை வேறொன்று என்று சட்டம் பிரித்தே வைத்திருக்கிறது. முதலாவதை விற்கலாம். இரண்டாவதை உயிரோடு இருக்கும்வரை எவருக்கும் கைமாற்ற முடியாது. உங்கள் படைப்போடு உங்கள் பெயர் வரவேண்டும் என்று கேட்கலாம். புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைத் திரித்தாலோ சிதைத்தாலோ மறுப்புத் தெரிவிக்கலாம். நீங்கள் போன பிறகு அது வாரிசுகளின் பொறுப்பு, எழுபது வருடத்துக்கு. பதிப்புரிமைக்கு எங்கும் போய்ப் பதியத் தேவையில்லை, வரைந்த கணமே உண்டு.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. முழுதாக இடித்துத் தள்ளினால் என்ன என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. தில்லியிலும் எல்லா வழக்கும் சேகல் வழக்குப்போல் முடியவில்லை. பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் வடிவமைத்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ 2017இல் இடிக்கப்பட்டது. காணி உரிமையாளர் தன் கட்டடத்தை இடிப்பதைக் கட்டடக் கலைஞரின் தார்மிக உரிமை தடுக்காது என்று 2019இல் அதே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சட்டம் காப்பாற்றும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில், கட்டடத்தோடு சேர்ந்திருக்கும் ஓவியத்தைப் பழுதில்லாமல் எடுக்க முடியுமென்றால், எடுத்துப்போகக் கலைஞருக்கு 90 நாள் அவகாசம் கொடுத்து அறிவிக்க வேண்டும். நியூயோர்க்கில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ கட்டடத்தின் சொந்தக்காரர் 2013இல் அதன் சுவரோவியங்கள்மேல் அந்த அறிவிப்பு இல்லாமல் ஒரே இரவில் வெள்ளை அடித்தார். கலைஞர்கள் 21 பேருக்கு 67.5 லட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. இங்கே அப்படியொரு வாசகம் சட்டத்தில் இல்லையென்றால் உங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எடுக்கவோ மாற்றவோ போகிறீர்களானால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லுங்கள் என்று ஒரு வரி. ஒரு தாள் போதும். முற்பணம் வாங்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் நீட்டும் தாளையும் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். தார்மிக உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுக்கவும் நம் புலமைச் சொத்துச் சட்டம் இடம் வைத்திருக்கிறது.

கோயில் வேலைக்கு மட்டும் வேறு நியாயம். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் சுதைக்குப் புது வர்ணம் பூசுவது வழக்கம், அதைச் சிதைப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேலையின் இயல்பே அது. ஏற்கும்போது தெரிந்துதான் ஏற்கிறோம். உப்பளத்துக் காற்றில் வர்ணம் உதிர்ந்தாலும் யார்மீதும் வழக்குப் போட முடியாது. புத்தளத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா?

2019 நவம்பரில் சனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு தெருவுக்கு வந்தார்கள். சில வாரங்களில் எத்தனை மதில்கள்! அவற்றில் எத்தனையின் மூலையில் வரைந்தவர் பெயர் இருந்தது? யாரும் பறிக்கவில்லை, அவர்களே எழுதவில்லை. அடக்கம் என்று நினைத்திருக்கலாம். பெயர் போடாத படத்துக்காக நாளைக்கு யார் வந்து பேசுவது? வேலை முடிந்த அன்றே பெயரும் வருடமும் எழுதுங்கள், நாலு பக்கமும் நின்று போட்டோ எடுங்கள், பத்திரமாக வையுங்கள்.

முடிக்குமுன் நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். உள்ளே வரும்போது வாசல் மதிலில் இந்தப் பிள்ளைகள் வரைந்த களப்புப் படத்தைப் பார்த்தேன். அருமையான வேலை. கீழே அனுசரணையாளரின் பெயர் பெரிதாக இருக்கிறது, வரைந்தவர்கள் பெயர் ஒன்றுமில்லை. அவர்கள் ஊருக்குப் போகுமுன் ஒரு தூரிகையைக் கொடுத்து எழுத விடுங்கள்.