துணியில் தைத்த நகை



நகை என்றதும் தங்கமும், பட்டறையில் ஊதுகுழலோடு குனிந்திருக்கும் ஆசாரியும்தான் தருமபுரிக்காரர்களின் நினைவுக்கு வருவார்கள். பக்கத்துச் சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்யும் வீடுகள் தெருத்தெருவாக இருப்பதால், வெள்ளி வேலையும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் இதே மாவட்டத்தில், அரூரைத் தாண்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டரில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், ஊசியும் நூலும் கொண்டு அணிகலன் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உலையும் இல்லை, பட்டடையும் இல்லை. மடியில் ஒரு துண்டுத் துணி, பக்கத்தில் நூல்கண்டு, வீட்டுத் திண்ணையில் நல்ல வெளிச்சம். அவர்கள் லம்பாடிப் பெண்கள். இன்றைய உரை அவர்களைப் பற்றியது.

ஒரு கண்ணாடி வில்லை துணியில் ஏறுவதைக் கிட்டே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த வில்லையில் துளை கிடையாது. ஒட்டப் பசையும் கிடையாது. இடது கட்டைவிரலால் அதைத் துணிமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நெடுக்கில் இரண்டு இழை, குறுக்கில் இரண்டு இழை போடுகிறார்கள். கண்ணாடிமேல் ஒரு சின்ன ஜன்னல் கம்பி போல அது நிற்கிறது. அடுத்து ஊசி அந்தக் கம்பிக்கு அடியில் நுழைந்து, துணியைக் கவ்வி, நூல் வளையத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. இப்படியே வட்டமாகச் சுற்றி வரும்போது ஒவ்வொரு தையலும் அந்த இழைகளை ஓரத்துக்கு இழுக்கிறது. ஒரு சுற்று முடிவதற்குள் ஜன்னல் கம்பி முழுக்க விளிம்புக்குள் மறைந்துவிடும். நடுவில் கண்ணாடி கண் திறந்தாற்போல் பளிச்சென்று தெரியும். இழை தளர்ந்தால் வில்லை நழுவும், இறுக்கினால் துணி சுருங்கும். எவ்வளவு இழுப்பது என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது, விரலுக்குத்தான் தெரியும்.

சோழிக்கு வேறு வழி. அதன் முதுகுப்புறத்துத் திமிலை உடைத்தெடுத்தால் நூல் போக வழி கிடைத்துவிடும். நாணயத்துக்கு ஒரு காது வைத்துப் பற்றவைத்தால் போதும், சட்டையிலோ மாலையிலோ தொங்கவிடலாம். லம்பாடிப் பெண்களின் பழைய உடையில் இந்த மூன்றும் அடர்ந்திருக்கும். பேட்டியா எனப்படும் பாவாடை, காஞ்சளி எனப்படும் முதுகு திறந்த ரவிக்கை, தலைமுக்காடு என்று எல்லாவற்றிலும் ஓரங்களில் வரிவரியாகத் தையல் ஓடும். அதோடு கன்னத்தோரம் முடியில் தொங்கும் குக்ரி, மேல்கை வரை ஏறும் வெள்ளை வளையல்கள். துணி எங்கே முடிகிறது, நகை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது? கலை பயில்கிறவர்களை எப்போதும் விரட்டும் கேள்வி இது. லம்பாடிகளைப் பொறுத்தவரை விடை சாலையில் கிடக்கிறது. பஞ்சாராக்கள் என்றும் அழைக்கப்படும் இவர்கள், காளைகளின் முதுகில் தானியமும் உப்பும் ஏற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக நாடு முழுக்க நடந்த வணிகர்கள். முகலாயப் படைகள் இவர்கள் கொண்டுவந்த தானியத்தைச் சாப்பிட்டன. 1791, 1792இல் திப்பு சுல்தானை எதிர்த்துக் காரன்வாலிஸ் நடத்திய போரிலும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தானியம் கொண்டுவந்தவர்களில் இவர்கள் உண்டு. அந்தப் போர் முடிந்து 1792இல் கைமாறிய நிலங்களில்தான் தருமபுரி அடங்கிய பாரமகாலும் இருந்தது.

நடந்துகொண்டே இருப்பவர்களுக்குப் பெட்டகம் ஏது? சம்பாதித்ததை உடம்பில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் வெள்ளி ரூபாயைப் போலவே சோழியும் சந்தையில் செலாவணியாக ஓடியது. ஆங்கிலேயர் கால வெள்ளி ரூபாய் ஒன்று 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் வந்த ரூபாய் முழுக்க நிக்கல். ஒரு கிழவியின் மாலையில் கோத்திருக்கும் காசுகளை ஆண்டு வாரியாகப் படித்தால், இந்த நாட்டின் பணம் மெலிந்த கதை அப்படியே கிடைக்கும். அவளுக்கு அது வரலாறும் அல்ல, கலையும் அல்ல. பேத்தியின் கல்யாணத்துக்கோ பஞ்ச காலத்துக்கோ எடுத்துக் கொடுக்க வைத்திருந்த கைமுதல். அதை அழகாக வரிசைப்படுத்தித் தைத்துக்கொண்டாளே, அங்கேதான் கலைஞர் வருகிறார்.

பிறகு ரயில் வந்தது. ஆயிரம் காளைகள் சுமப்பதை ஒரு சரக்கு வண்டி சுமந்துவிட்டது. அலைந்து வாழும் சமூகங்களையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்த ஆங்கிலேய அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நடந்தவர்கள் ஆங்காங்கே தங்கி, தாண்டாக்கள் எனப்படும் குடியிருப்புகள் அமைத்து, நிலத்தில் இறங்கினார்கள். சிட்லிங்கித் தாண்டாக்களில் இருப்பவர்கள் அப்படி வந்து தங்கியவர்களின் வாரிசுகள். மழை பொய்த்த ஆண்டுகளில் திருப்பூர் பக்கம் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. சந்தைக்கும் பேருந்துக்கும் அந்த உடையில் போனால் வெறித்துப் பார்த்தார்கள், கேலி பேசினார்கள். பெண்கள் சேலைக்கு மாறினார்கள். உடுத்தாத உடைக்கு யார் தைப்பார்கள்? ஊசி நின்றுபோனது. லம்பாடிகள் வீட்டில் பேசும் கோர் மொழிக்குத் தனி எழுத்தும் கிடையாது. அதனால் எந்தத் தையலுக்கு என்ன பெயர் என்பது பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தது.

1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் சிட்லிங்கிக்கு வந்து, ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். பழங்குடி நல முன்முயற்சி என்னும் அவர்களது அமைப்பைப் பற்றி இம்மாவட்டத்தில் பலருக்கும் தெரியும். சிகிச்சைக்கு வந்த லம்பாடிப் பெண்களிடம் பழைய உடை காணாமல் போயிருப்பதை லலிதா கவனித்தார். விசாரித்தபோது, அந்தத் தையல் தெரிந்தவர்களாக மூத்த பெண்கள் இருவர்தான் மிஞ்சியிருந்தார்கள். இருவர்! ஒரு விஷக்காய்ச்சலில் ஒரு கலை முழுதாகப் போயிருக்கக் கூடிய நிலை அது. அந்த மூத்தவர்களிடமிருந்து இளைய பெண்கள் சிலர் கற்றார்கள், அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று சுமார் 60 பெண்கள் பொர்கை என்ற பெயரில் சங்கமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். பொர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமை. வெட்கப்பட்டுக் கழற்றிப் போட்ட ஒன்றுக்கு அவர்களே தேர்ந்தெடுத்த பெயர் இது.

பழைய பாவாடையை அவர்கள் திரும்ப உடுத்தத் தொடங்கவில்லை. அதே தையலைச் சேலை, குர்தா, பை, மெத்தை உறை எனப் புதிய துணிகளுக்குக் கொண்டுபோனார்கள். மரபைக் காப்பாற்றுவதற்கு இதைவிட நேர்மையான வழி இருப்பதாகத் தெரியவில்லை. சட்டை மாறினாலும் விரல் அதே இழுப்பை இழுக்கிறது.

கர்நாடகத்தில் பெல்லாரி பக்கம் சண்டூரிலும், அங்கே லம்பாணி என்று அழைக்கப்படும் இதே சமூகத்துப் பெண்கள் இதே தையலைப் போடுகிறார்கள். சண்டூர் லம்பாணித் தையலுக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி20 கூட்டம் நடந்தபோது, சண்டூர் பக்கத்து லம்பாணிப் பெண்கள் 450க்கும் மேற்பட்டோர் தைத்த 1,755 துண்டுகளைக் காட்சிக்கு வைத்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள்.

இந்த மேடையில் பட்டம் வாங்குவோரில் வணிகவியல் படித்தவர்கள் உண்டு, கணினி படித்தவர்கள் உண்டு. சிட்லிங்கியில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் ஒரு பெண்ணின் நேரத்துக்கு என்ன விலை போடுவது என்பது கடினமான கணக்கு. எந்திரம் சில நிமிடங்களில் அதே பூவைப் போட்டு, கண்ணாடிக்குப் பதில் பளபளப்புத் தாளை ஒட்டி, சந்தையில் பக்கத்திலேயே தொங்கவிடுகிறது. வாங்க வருபவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இரண்டும் ஒன்றல்ல என்று நிறுவக் கணக்கும் சட்டமும் நல்ல புகைப்படமும் வேண்டும். அந்தப் பெண்களிடம் இல்லாத அந்தத் திறமைகள் இந்த அரங்கில் நிறையவே உட்கார்ந்திருக்கின்றன.

தாண்டாக்களிலிருந்து கிளம்பி, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி முடித்தவர்களும் இங்கே இருக்கக்கூடும். அவர்கள் இன்று மாலை இந்தப் பட்டச் சான்றிதழை முதலில் காட்டப்போவது பாட்டியிடமாகத்தான் இருக்கும். அந்த வீட்டில் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தால், அதன் அடியில் மடித்த பழைய காஞ்சளி ஒன்று கிடக்கலாம். அதை விரித்து, ஓரத்தில் ஓடும் ஒவ்வொரு தையலுக்கும் பாட்டி சொல்லும் பெயரை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அந்தத் தையலை வரைந்துவைக்க ஒரு மாலை நேரம் போதும்.