கோடிக்கரைச் சதுப்பின் பஞ்சாங்கம்



வேதாரணியத்து இலக்கிய மன்றத்தின் ஆண்டுவிழாவிலே பறவைகளைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். நாரையைத் தூதாக அனுப்பிய சத்திமுத்தப் புலவர், அது குமரித் துறையிலே நீராடித் துணையோடு வடதிசைக்கு மீளும் வழக்கத்தை நன்கறிந்த பிறகே தம் பாட்டை எடுத்தார் என்பதால், இந்த விஷயம் இந்த மேடைக்கு அந்நியமன்று என்பது என் அபிப்பிராயம்.

தெற்கு நோக்கி ஓடிவரும் சோழநாட்டுக் கடற்கரை, நமது கோடிக்கரை முனையிலே சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் நடுவே பரந்து கிடக்கும் உவர்ச்சதுப்பை, ஒன்றுக்கும் உதவாத வெளி என்று நம்மவர்களே சொல்லக் கேட்டு நான் மனம் நொந்ததுண்டு. முப்பது வருஷங்களாக மாதத்தில் இருமுறையேனும் உப்பளத்தின் அதே வரப்பிலே நின்று, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிவருபவன் என்ற உரிமையிலே அதற்கு மறுமொழி சொல்ல விரும்புகிறேன்.

ஆவணி வெயில் காய்ந்துகொண்டிருக்கையிலேயே, வட துருவத்தை அடுத்த வெற்றுச் சமவெளிகளிலே குஞ்சு பொரித்த உள்ளான்கள் இங்கே வந்து இறங்கிவிடுகின்றன. அவற்றுள் கொசு உள்ளான் என்பது ஏறக்குறைய 25 கிராம் எடையே உள்ள ஜீவன். உள்ளங்கையிலே அடங்கிவிடும் அந்த உடம்பு, மலைகளையும் பாலைவனங்களையும் கடந்து, தான் விட்டுச்சென்ற இதே சேற்றைத் தேடி வருகிறதென்றால், நாம் உதவாதது என்று தள்ளிய இடத்தின் மதிப்பை அது எவ்வளவு நிச்சயமாக அறிந்திருக்க வேண்டும்! மூக்கு வளைந்த உள்ளான்களிலே முந்தி வருபவற்றின் மார்பில், இனப்பெருக்க காலத்துச் செங்கல் நிறம் இன்னும் மங்காமல் இருக்கும். புரட்டாசி, ஐப்பசியிலே இரவெல்லாம் பறந்து களைத்த ஆறுமணிக்குருவி சில வீடுகளின் தாழ்வாரத்திலே வந்து விழுவதையும் உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அதை எடுத்துத் தண்ணீர் காட்டி, இருட்டியதும் தோட்டத்தில் விட்ட தாய்மார்களும் இந்தச் சபையிலே இருக்கக்கூடும்.

அப்புறம் மழை. வடகிழக்குப் பருவம் கொட்டித் தீர்த்து, காவிரியின் கடைமடை வாய்க்கால்கள் வடிந்து சதுப்பின் உப்பைக் கரைத்த பின்னர்தான், மார்கழி, தை மாதங்களிலே, ஊசிவால் வாத்துக்களும் பூநாரைகளும் கூட்டம் கூட்டமாகக் காட்சி தருகின்றன. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாவினால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையிலே நுண்ணுயிர்களை வடித்து உண்ணுகிறது. அதன் இளஞ்சிவப்பு வர்ணம் பிறவியிலே வந்ததன்று. சாம்பல் நிறக் குஞ்சாகப் பிறந்து, உண்ட பாசியாலும் இறாலினத்து நுண்பூச்சிகளாலும் சிறிது சிறிதாகச் சிவக்கிறது.

ஓர் உப்பளத்துத் தாயார் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “மழ ஓஞ்சா பூநார எறங்கும் அய்யா, தண்ணி சுண்டுனா நாங்க எறங்குவோம்.” இத்தனை வருஷக் குறிப்பேடுகளிலே நான் எழுதிய யாவும் இந்த ஒரு வாக்கியத்துக்கு உரையே என்று தோன்றுகிறது. ஒரே நிலம், நீர் மிகுந்தால் பறவைக்கு, நீர் வற்றினால் பாத்திக்கு. 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்துவந்து இந்த மண்ணிலே உப்பள்ளினாரே, அது உள்ளான்கள் கொழுத்து, மீண்டும் செந்நிறம் பூண்டு, வடக்கே புறப்படுகிற மாதம்.

கோடையிலே பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். பாலை மரங்கள் மஞ்சளாகப் பழுத்து நிற்பதும், வெட்டவெளியிலே ஆட்காட்டி இட்ட முட்டை கூழாங்கல்லோடு கல்லாய்க் கிடப்பதும், பயணத்துக்குப் பக்குவமாகாத இளம் உள்ளான்கள் சில ஊருக்குப் போகாமல் சேற்றிலே தங்கிவிடுவதும் அப்போதுதான்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி இங்கே வந்து தங்கி ஆராய்ந்தார், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆயிரக்கணக்கான பறவைகளின் காலிலே வளையமிட்டு அவற்றின் பிரயாணத்தைத் தொடர்ந்தனர், 1967இல் இவ்விடம் சரணாலயமாயிற்று, 2002இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இவ்வளவு கீர்த்தி இருந்தும், என் குறிப்பேட்டிலே உள்ளான்களின் எண்ணிக்கை பழைய அளவில் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த காட்டை நாம் கண்ணாலே கண்டு அழுதோம். வாய்க்கால் தூர்ந்து, கடல்நீரும் மழைநீரும் சதுப்புக்குள் வந்துபோகும் வழி அடைபடுவதோ ஓசையின்றி நிகழ்கிறது. அந்த வழியைத் திறந்துவைக்கும்படி இந்தச் சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மற்றொரு விண்ணப்பம், இங்குள்ள மாணவர்களுக்கு. தை மாதத்திலே ஒருநாள் பூநாரை பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஒரே இடத்திலே ஓராண்டு முழுவதும் நின்று பாருங்கள். தேதி, காற்று, நீரின் மட்டம், கண்ட பறவை, காணாத பறவை யாவற்றையும் எழுதுங்கள். ஆவணி பிறந்து ஒரு வாரமாகிறது. நாளை விடியற்காலை ஐந்து மணிக்கு, கொசு உள்ளான் வந்துவிட்டதா என்று பார்க்க உப்பளத்து வரப்புக்குப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் கடைத்தெருப் பேருந்து நிறுத்தத்திலே எனக்காகக் காத்திருக்கலாம்.